திருவல்லிக்கேணியின் பழைய வீட்டை மினிமலிஸ்ட் பாணியில் புதுப்பிப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருவல்லிக்கேணியில் 1930-களில் தாத்தா கட்டிய வீடு. 18 அடி அகலம், 70 அடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டிய சுவர். நடுவில் 8 அடிக்கு 10 அடியில் ஒரு முற்றம். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட தட்டையான கூரை. கூடத்தில் தாத்தா காலத்து ஊஞ்சல். எழுபது வயதைத் தாண்டிய அம்மாவும் நீங்களும் தொடர்ந்து அங்கேயே வாழ வேண்டும், வீடு மினிமலிஸ்ட் பாணியில் அமைதியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். உள்அலங்கார வடிவமைப்பாளர் ஒருவர் கொடுத்த திட்டத்தில், ரேழிக்கும் (வாசலை அடுத்த நடை) கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து ஒரே ஹாலாக்குவது, முற்றத்தைக் கண்ணாடியால் மூடி ஏ.சி. போடுவது, எல்லா அறைக்கும் ஃபால்ஸ் சீலிங், தரை முழுக்கப் பளபளப்பான வெள்ளை டைல்ஸ், சுவர்களுக்குச் சிமெண்ட் பூச்சும் அதன்மேல் வழவழப்புக்குப் பூசும் பட்டியும், ஊஞ்சலைக் கழற்றிவிட்டு சோஃபா என்று எல்லாம் இருக்கின்றன. இது சரியா, இல்லை இடித்துக் கட்டுவதே மேலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடிக்க வேண்டாம், இந்தத் திட்டத்தையும் ஏற்க வேண்டாம். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வடிவமைப்பாளரின் திட்டத்தில் வீட்டுக்குள் புதிதாக வரும் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கண்ணாடி, ஏ.சி., ஃபால்ஸ் சீலிங், டைல்ஸ், சிமெண்ட், பட்டி, சோஃபா என்று ஏழு புதிய பொருள்கள் உள்ளே வருகின்றன; வெளியே போகிறவை ஒரு சுவரும் ஒரு ஊஞ்சலும் மட்டும்தான், அவை இரண்டும் இருக்க வேண்டியவை. மினிமலிஸ்ட் வீடு என்று நாம் விரும்பிப் பார்க்கும் படங்களில் ஃபால்ஸ் சீலிங்கும் வெள்ளை டைல்ஸும் இருக்கலாம்; ஆனால் அந்த அமைதி அவற்றிலிருந்து வருவதில்லை. தேவையற்றது எதுவோ அது அங்கே இல்லாததால் வருகிறது. உங்கள் வீட்டில் தேவையற்றது எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

பெரும்பாலும் அது கடந்த நாற்பது ஆண்டுகளில் சேர்ந்ததாக இருக்கும். தாழ்வாரத்தை மறைத்துப் போட்ட அலுமினியத் தடுப்பு, முற்றத்துச் சுவரில் தாறுமாறாக ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள், மாடியில் ஒழுகலை மறைக்கப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, சிவப்புத் தரைக்கு மேல் ஒட்டிய மொசைக், ஜன்னலுக்கு மேல் பிற்காலத்தில் நீட்டிய சிமெண்ட் சன்ஷேடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த டிஸ்டெம்பர். இவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், ஒரே நிறத் தரை, கருத்த தேக்கு, நடுவில் வானம். இதைவிடக் குறைவான பொருள்களைக் கொண்டு ஒரு வீட்டை அமைக்க முடியாது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி அரைத்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து ஏற்றிய 'மெட்ராஸ் சுண்ணம்' என்ற பூச்சைப் பார்த்து, பளிங்கு போல இருக்கிறதே என்று 18-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஐரோப்பியர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். மாசற்ற வெள்ளைச் சுவர் இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த நாகரிகம் அன்று.

ஆனால் எளிமையான வீட்டுக்கு ஒரு கடுமை உண்டு. அலங்காரம் நிறைந்த வீட்டில் குறை ஒளிந்துகொள்ளும். விரிசலை மரப்பலகையும், ஈரக்கறையை வால்பேப்பரும், ஒழுகலை ஃபால்ஸ் சீலிங்கும் மறைத்துவிடும். ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவரில் உள்ளங்கை அகல ஈரக்கறை வந்தால் அறைக்குள் நுழைகிறவரின் கண் நேராக அங்கேதான் போகும். ஆகவே அழகு பற்றிய எல்லா முடிவுகளையும் தள்ளிவைத்துவிட்டு, தண்ணீர், கூரை, சுவர், மின்சாரம் என்ற வரிசையில் வீட்டைக் குணப்படுத்த வேண்டும். என் கணக்கில் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல், வேலை முடிந்தபின் கண்ணுக்கே தெரியாத இடங்களில்தான் செலவாக வேண்டும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் மூன்று வழிகளில் வருகிறது: தெருவிலிருந்து, தரையிலிருந்து, கூரையிலிருந்து. சென்னையின் பழைய தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டு வந்ததால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று தெரு மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. உங்கள் திண்ணை தெருவைவிட எத்தனை அங்குலம் உயரம் என்று அளந்து பாருங்கள். தனி வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு பக்கமும் ஒட்டிய, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருள்ள வீட்டுக்கு அது ஆகாது; பக்கத்து வீட்டையும் சேர்த்துத் தூக்க முடியாது அல்லவா? வாசலில் கருங்கல்லால் ஒரு உயர்ந்த படிக்கட்டு, அதற்குள்ளே தண்ணீரை வாங்கிக்கொள்ளும் ஒரு மூடிய வாய்க்கால், முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகும் குழாயில் தண்ணீர் எதிர்த்து வராமல் தடுக்கும் வால்வு ஆகிய மூன்றும் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் வாசல் வழியாக மட்டும் வரவில்லை. கழிவுநீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கியும் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கூரை. மெட்ராஸ் டெரஸ் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால்தான் அதற்கு எது நல்லது, எது கெடுதல் என்று புரியும். உத்திரங்களின் மேல் ஒன்றரை அடிக்கும் குறைவான இடைவெளியில் தேக்குக் குறுக்குக் கட்டைகளை அடுக்குவார்கள். அவற்றுக்கு மேலே, சாதாரணச் செங்கலைவிட மிக மெல்லிய, ஏறத்தாழ ஒரு அங்குலக் கனமுள்ள செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, கட்டைகளுக்குச் சாய்கோணமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு அடுக்கு; அதைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் மரத்தட்டியால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அடிக்கும் கட்டை எகிறித் துள்ளும் வரைக்கும் அடி நிற்காது. கடைசியில் மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். இப்படிச் செய்த கூரை வெயிலை உள்ளே விடாது. சிறிய அசைவுக்கு விரியாமல் வளைந்து கொடுக்கும். ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் தட்டோடுகளின் இடுக்கிலும், கைப்பிடிச் சுவரின் அடியிலும், மழைநீர்க் குழாயின் வாயிலும்தான்.

அந்த ஒழுகலுக்கு வழக்கமாகச் செய்கிற வைத்தியம், மேலே சிமெண்ட் கான்கிரீட் போட்டு அதன்மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 சதுர அடி அறைக்கு மேலே ஒரே ஒரு அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால் ஒரு டன்னுக்கு மேல் எடை கூடுகிறது. அதன் பக்கத்தில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னொரு டன். தொண்ணூறு வயதான தேக்குக் கட்டை இந்தச் சுமைக்காக அமைக்கப்பட்டதில்லை. சிமெண்டுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாததால் ஒரே கோடையில் அதில் மயிரிழை விரிசல் விழும். அந்த விரிசலில் இறங்கிய தண்ணீர் மீண்டும் மேலேறி ஆவியாக வழியின்றிக் கட்டைகளின் மேலேயே தங்கிவிடும். ஃபால்ஸ் சீலிங்கும் போட்டுவிட்டால் இது எதுவும் உங்கள் கண்ணில் படாது.

ஆகவே, எதையும் மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையையும் பாருங்கள். அழுகல் பெரும்பாலும் நடுவில் வருவதில்லை, சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில்தான் வரும். நான் செய்வது இதுதான்: ஏணியில் ஏறி, கட்டையின் நடுவிலிருந்து சுவரை நோக்கி ஒரு சாண் இடைவெளியில் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல தேக்கு கணீரென்று ஒலிக்கும். சுவரை நெருங்க நெருங்க அந்த ஒலி மழுங்கி, பூசணிக்காயைத் தட்டியது போலத் 'தொப்'பென்று கேட்டால் அங்கே நின்றுவிடுவேன். மெல்லிய ஸ்குரூ டிரைவரை அந்த இடத்தில் அழுத்தினால், நல்ல மரத்தில் அது நகக்கண் அளவுகூட இறங்காது. அழுகிய மரத்தில் இரண்டு அங்குலம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிடும், வெளியே இழுத்தால் நுனியில் ஈரமான பொடி ஒட்டிக்கொண்டு வரும். அப்படி இறங்கிய கட்டையின் எண்ணைச் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பகல் வேலை. ஆனால் அந்த ஒரு பகலில் உங்கள் செலவுக் கணக்கு முழுவதும் தெளிவாகிவிடும். நுனி மட்டும் அழுகியிருந்தால் முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. கீழே முட்டு கொடுத்துவிட்டு, அழுகிய பகுதியை அறுத்தெடுத்து, அதே அளவு தேக்கைச் சாய்வெட்டாகப் பொருத்தி, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டாலும் போல்ட்டாலும் இணைத்துவிடலாம். அந்த இணைப்பை மறைக்காதீர்கள். பழைய மரத்தில் புதிய துண்டு தெரிந்தால் அது குறையாகாது. மினிமலிஸ்ட் வீட்டில் கூரையில் பார்க்க வேறெதுவும் இருக்காது, அந்தக் கட்டைகளின் வரிசையே போதும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது எங்கே கிடைக்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1768-இல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனை வளாகம் இருக்கிறது. 2012 ஜனவரித் தீவிபத்தில் சிதைந்த கலச மஹாலையும், அதன்பின் ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்பைக் கொண்டே மீட்டெடுத்தது. அந்தச் சுவர்களையும் கூரையையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்படிப்பட்ட வேலைகளில் பழகிய கொத்தனார்கள் இருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். கூலி அதிகம், வேகம் குறைவு. அதைக் குறையாக எண்ணாதீர்கள்.

சுவருக்கு வருகிறேன். உங்கள் சுவர்கள் ஒன்றேகால் அடிக்குக் குறையாத கனமுள்ளவையாக இருக்கும். அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இருக்காது. மண்ணிலுள்ள ஈரம் செங்கல் வழியாக மேலேறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதனால் சுவர் காய்ந்தும் நனைந்தும் ஒரு சமநிலையில் இருக்கும். சிமெண்டால் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், இடுப்பளவில் ஏறிக்கொண்டிருந்தது தோளளவுக்கு வரும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, பூச்சையே தள்ளிவிடும். இதை நான் என் சொந்த வீட்டில் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் அப்பாவின் பழைய வீட்டுக் கூடத்தை நானே நின்று சிமெண்டால் பூசவைத்து, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சுவர் முழுக்க ஒரு கோடு போல உப்புப் பூத்தது. விரலால் தொட்டால் பஞ்சு போல உதிர்ந்தது. அதன் பின்னாலிருந்த செங்கல்லின் முகமும் சேர்ந்தே உரிந்துவிட்டது. பூச்சைச் சுரண்டி எடுக்கலாம், ஆனால் முகம் உரிந்த செங்கல்லைத் திரும்பப் பெற முடியாது. அந்தச் சுவரின் ஒரு பகுதியை இன்றும் பூசாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

எனவே பழைய சிமெண்ட் பூச்சு எங்கே இருந்தாலும் மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிடுங்கள். பிறகு குறைந்தது பல வாரங்கள் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர் கொண்டு பூசவேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நாள் விட்டு, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, வெயில் நேரே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித்தான் மீண்டும் கல்லாகிறது. அவசரப்படுத்தினால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே மாவாகவே நின்றுவிடும். கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினால் அதற்குமேல் பெயிண்ட் எதற்கு? முட்டை வெள்ளைக்கரு சேர்த்த செட்டிநாட்டுப் பூச்சு இன்னும் பளபளக்கும், செலவும் அதிகம்; அதைக் கூடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அறைகளுக்குச் சாதாரண வெள்ளையடித்தல் போதும் என்பது என் கருத்து. சுண்ணாம்பு வெள்ளையில் மேகம் போல மெல்லிய ஏற்ற இறக்கம் இருக்கும். பிளாஸ்டிக் எமல்ஷனின் தட்டையான வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அது கறை போலத் தோன்றும். காலை வெயில் முற்றத்திலிருந்து சாய்ந்து விழும்போது ஒருமுறை பாருங்கள், பிறகு எமல்ஷன் கேட்கமாட்டீர்கள்.

ரேழிச் சுவரை எடுப்பதைப் பற்றி. உங்கள் வீட்டில் தூணும் பீமும் கிடையாது, சுவர்தான் தாங்குகிறது. எந்தச் சுவரின் மேல் குறுக்குக் கட்டைகள் உட்கார்ந்திருக்கின்றனவோ அதைத் தொடக்கூடாது. ஒட்டிய சுவரில் பக்கத்து வீட்டுக்காரரின் கட்டைகளும் அந்தப் பக்கத்திலிருந்து உட்கார்ந்திருக்கலாம் என்பதால் அதில் ஒரு அலமாரிக் குழி தோண்டுவதற்குக்கூட அவரிடம் பேசிவிட்டே செய்யவேண்டும். ஆனால் இடம் திறந்து தெரியவேண்டும் என்ற உங்கள் ஆசை சரியானது. முழுச் சுவரையும் எடுக்காமல், இரு பக்கமும் இரண்டடியாவது விட்டு நடுவில் ஆறடி அகலத்துக்குத் திறப்பு வையுங்கள். இரண்டு எஃகு ஐ-பீம்களை, முதலில் சுவரின் ஒரு முகத்தில் ஒன்றையும் அது இறுகியபின் மறுமுகத்தில் இன்னொன்றையும் பதித்து, அதற்குப் பிறகே கீழே உள்ள செங்கல்லை எடுக்கவேண்டும். மேலே கூரைக்கு முட்டு கொடுத்தபின்தான் இதெல்லாம். வாசலில் நின்றால் ரேழி, கூடம், முற்றம், அதற்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டு, கொல்லை என்று ஒரே நேர்க்கோட்டில் பார்வை போகும்படி அந்தத் திறப்பை அமைத்துவிட்டால், 70 அடி நீளமும் ஒரே வீச்சில் தெரியும். சுவரை முழுக்க எடுப்பதைவிட இது வீட்டைப் பெரியதாகக் காட்டும். ஏனென்றால் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருவதைக் கண் எண்ணிக்கொண்டே போகிறது.

முற்றத்தைக் கண்ணாடியால் மூடாதீர்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோ 1976-இல் ஒசாகாவின் சுமியோஷிப் பகுதியில், வரிசையாக ஒட்டியிருந்த மூன்று பழைய மரவீடுகளில் நடுவீட்டை எடுத்துவிட்டு ஒரு கான்கிரீட் வீட்டைக் கட்டினார். அகலம் 3.3 மீட்டர்தான், அதாவது உங்கள் வீட்டைவிடக் குறுகலானது. மனையே 57 சதுர மீட்டர்தான். மினிமலிசத்தின் எல்லைக்கே போன வீடு என்று இன்றும் உலகெங்கும் மாணவர்களுக்குக் காட்டப்படும் அந்த வீட்டில், மூன்றில் ஒரு பங்கு இடத்தை அவர் வானத்துக்குத் திறந்து விட்டுவிட்டார். மழை நாளில் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குக் குடையோடுதான் போகவேண்டும். அந்த முற்றம் இல்லாவிட்டால் அது வெறும் கான்கிரீட் பெட்டி. எல்லாவற்றையும் குறைத்த மனிதர் குறைக்க மறுத்த ஒரே பொருள் அது. நம் முன்னோர் தாழ்வாரம் வைத்துக் கட்டியதால் உங்களுக்குக் குடையும் தேவையில்லை. (ஆண்டோவின் ஜன்னலற்ற முகப்பையும் பூசாத கான்கிரீட்டையும் சென்னை வெயிலில் பின்பற்ற நினைக்க வேண்டாம்.)

இரண்டு பக்கமும் அடைபட்ட வீட்டின் நடுப்பகுதிக்குக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் முக்கியமான வாய் முற்றம்தான். சூடான காற்று மேலேறி அந்த வழியாக வெளியேறும்போது, தெருவாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கண்ணாடி போட்டால் அந்த ஓட்டம் நின்று, வெயில் மட்டும் உள்ளே வந்து தங்கும், அதற்காக ஏ.சி., அதற்காக மற்ற ஜன்னல்களையும் அடைப்பது என்று ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். திருட்டுக்கும் குரங்குக்கும் பயம் என்றால், மெல்லிய இரும்புக் கம்பிகளை ஒரே திசையில் மட்டும் போடுங்கள், குறுக்குக் கம்பி வேண்டாம். மழைச் சாரல் தாங்கவில்லை என்றால், கூரை மட்டத்துக்கு ஓரடிக்கு மேலே தூக்கி, நான்கு பக்கமும் திறந்தபடி ஒரு கண்ணாடியை வைக்கலாம், நான் வைக்கமாட்டேன். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உங்கள் மாடி முழுவதிலும் விழுவது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மாடித் தண்ணீரை முற்றத்தின் வழியாகவே இறக்கி, ஜல்லி மணல் வடிகட்டியில் விட்டு, கொல்லைக் கிணற்றில் சேருங்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற தெரு அது என்பதை உங்கள் அம்மா மறந்திருக்க மாட்டார்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங் இன்னும் எங்கேயாவது உயிரோடு இருந்தால் முழுவதையும் எடுத்துவிட்டு, புதிய எர்த்திங்கும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி.யும் வையுங்கள். வயரை மறைக்கச் சுவரில் கிடையாகக் காடி வெட்ட விடாதீர்கள். அது தாங்கும் சுவரைக் குறுக்கே அறுப்பதற்குச் சமம். செங்குத்தாக மட்டும் வெட்டி, கிடையான ஓட்டத்தை மாடித் தளத்தின் ஓரத்திலோ தரையோரப் பட்டையிலோ கொண்டுபோகலாம். கழிவறை, சமையலறைக் குழாய்கள் எல்லாம் கொல்லைப்பக்கம் ஒரே இடத்தில் இறங்கட்டும்.

தரையில், மொசைக்கின் ஒரு மூலையைப் பெயர்த்துப் பாருங்கள். கீழே பழைய சிவப்புத் தரை (ரெட் ஆக்சைடு) நல்ல நிலையில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்து வந்தால் சில மாதங்களில் அது மெருகேறிவிடும். சில இடங்களில் உடைந்திருந்தால் அதே நிறத்தில் ஒட்டுப்போட முயல வேண்டாம், எப்படியும் நிறம் சேராது. அந்தப் பகுதியை நேர்க்கோடாக வெட்டி எடுத்துவிட்டு, கருப்புக் கடப்பா கல்லைப் பதித்துவிடுங்கள். தரை கெட்டே போயிருந்தால் வீடு முழுக்க ஒரே கல், ஒரே நிறம், சொரசொரப்பான முகம். பளபளப்பான வெள்ளை டைல்ஸ் எழுபது வயதுக்காரரின் ஈரக் காலுக்கு ஆபத்தானது என்ற ஒரே காரணம் போதும் அதை விலக்க. அம்மாவின் படுக்கையறை கீழ்த்தளத்திலேயே, குளியலறையை ஒட்டி, நடுவில் படியே இல்லாமல் அமையட்டும். பழைய வீட்டில் அறைக்கு அறை இரண்டங்குலம், மூன்றங்குலம் என்று நிலைப்படி மாறும். அவற்றில் அம்மா நடக்கும் வழியில் உள்ளவற்றைச் சாய்வாக்கிவிடுங்கள்.

கதவு ஜன்னல்களில் அடுக்கடுக்காக இருக்கும் பழைய பெயிண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில், குறிப்பாகப் பச்சை, மஞ்சள் நிறங்களில், ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யவேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பெயிண்டைக் கரைக்கும் பசையைத் தடவி ஈரமாகவே சுரண்டி எடுத்து, துகளை உடனே கட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அந்த வாரம் வேறெங்காவது தங்கட்டும்.

பொருள்களை எங்கே வைப்பது என்ற கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை; மினிமலிஸ்ட் வீடுகள் பல ஓராண்டிலேயே தோற்றுப்போவது அதனால்தான். நம் வீடுகளில் கொலுப்பொம்மைப் பெட்டி, பித்தளைப் பாத்திரம், விருந்தினர் பாய் தலையணை, அப்பாவின் பத்திரக் கட்டு எல்லாம் இருக்கும், அவற்றைத் தூக்கி எறியச் சொல்லும் உரிமை எந்த வடிவமைப்பாளருக்கும் இல்லை. இரண்டாங்கட்டில் ஒரு பக்கச் சுவரின் முழு நீளத்துக்கும், தரையிலிருந்து கூரை வரைக்கும், கைப்பிடி தெரியாத வெள்ளைக் கதவுகளோடு இரண்டடி ஆழ அலமாரி கட்டிவிடுங்கள். 18 அடி அகலத்தில் இரண்டடி போகிறதே என்று தோன்றும். அந்த இரண்டடியைக் கொடுத்தால்தான் மற்ற எல்லா அறையும் வெறுமையாக இருக்கும். ஒட்டிய சுவரின் ஈரம் பொருளைத் தொடாதபடி அலமாரிக்குப் பின்னால் இரண்டு அங்குலம் காற்றுக்கு விடவேண்டும், மேலும் கீழும் துவாரம் வைக்கவேண்டும். சுவரிலேயே இருக்கும் பழைய மாடங்களை அடைக்காதீர்கள். ஒரு விளக்கு வைத்தால் போதும்.

இடித்துக் கட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டை இடித்தால், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி புதிதாக அனுமதி வாங்கவேண்டும். தெருவின் அகலம், விடவேண்டிய இடைவெளி, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உங்கள் மனைக்கு எப்படிப் பொருந்தும் என்பதை உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கிய பின்பே அந்த எண்ணத்தை எடுங்கள். சுவரைத் திறப்பது போன்ற மாற்றங்களுக்கும் அனுமதி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் நான்கில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டில் பூச்சை உரித்த பிறகுதான் சில செய்திகள் தெரியவரும். மாடி வேலை பிப்ரவரியில் தொடங்கட்டும், வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபருக்குள் முடியட்டும். அந்த மழைக்காலம் முழுவதும் சுவர்களைப் பூசாமல் விட்டு, தண்ணீர் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு பூசுங்கள். இரண்டு ஆண்டு ஆகும். ஒரே ஆண்டில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஊஞ்சலைப் பற்றிக் கடைசியாக. அதைத் தாங்கும் உத்திரத்தை நான் சொன்ன மாதிரி இரண்டு நுனியிலும் தட்டிப் பாருங்கள். வளையம் மரத்துக்குள் இறங்கும் இடத்தில் மரம் பிளந்திருக்கிறதா, வளையத்தின் உட்புறம் தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் மெலிந்திருந்தால் கொல்லரிடம் அதே அளவில் புதிதாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். உத்திரம் நன்றாக இருந்தால் சங்கிலியைப் புளி போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டிவிடுங்கள், பலகைக்கு எண்ணெய் மட்டும் போதும். சோஃபா வாங்க வேண்டாம். கூடத்தில் வேறெந்த இருக்கையும் வைக்காமல் முதல் ஆறு மாதம் இருந்து பாருங்கள். அம்மா எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறார் என்று தெரிந்தபின் விளக்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்யலாம்.